ரேக்குக்குப் பின்னால் ஒரு ரேஸ்!

மருந்துக்கடைக்குப் போவோம், சீட்டை நீட்டுவோம், காசைக் கொடுப்போம், கவரை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவோம். நமக்குத் தெரிந்த மருந்து உலகம் அவ்வளவுதான். கவுன்டருக்கு அந்தப்பக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கச் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆசை. ஆசை நிறைவேறியது! மொத்த வியாபாரக் கடை ஒன்றிலும் சில்லறை மெடிக்கல்ஸ் ஒன்றிலும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க அனுமதி கிடைத்தது. 'பேர் போடக் கூடாது, ஓடறவங்க கால்ல மாட்டக் கூடாது' என்று இரண்டே நிபந்தனைகள். முதல் நிபந்தனையைக் காப்பாற்றிவிட்டேன்.

சென்னை பார்க் டவுன், நைனியப்பன் நாயக்கன் தெரு. காலை பத்து மணிக்கு அந்தத் தெருவில் யார் மீதும் இடிக்காமல் நடந்துவிட்டால் உங்களுக்குப் பதக்கமே தரலாம். சர்ஜிகல் சாமான், ரசாயனம், மொத்த மருந்து என்று கடைகள் நெருக்கியடித்து நிற்க, நடுவில் கைவண்டி, மீன்பாடி வண்டி, தலைச்சுமை. ஒடுக்கமான ஒரு மாடிப்படி ஏறினால் ஸ்டாக்கிஸ்டின், அதாவது மொத்த வியாபாரியின், குடோன். தரையிலிருந்து கூரை வரை ரேக். ரேக்குகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குத்தான் வழி. அந்த வழியில்தான் பத்துப் பேர் ஓடுகிறார்கள்!

ஃபோன் ஓயவே இல்லை. "அண்ணே, டோலோ 650 ரெண்டு பாக்ஸ், பான் 40 ஒண்ணு, எக்கோஸ்பிரின் 75 ஒண்ணு, இன்சுலின் அஞ்சு. மத்தியான டிரிப்புல வந்துடுமா?" இந்தப் பக்கம் காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் விசைப்பலகையில் தாளம் போடுகிறார். இன்னொரு ஃபோனில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் நோட்டின் படமாக வந்து விழுகிறது. சில படங்கள் தலைகீழாக வருகின்றன. அவர் ஃபோனைத் திருப்புவதில்லை, தலையையும் திருப்புவதில்லை. அப்படியே படித்து பில் போடுகிறார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

பில் வெளியே வந்ததும் ஒரு தம்பி அதைப் பிடுங்கிக்கொண்டு ரேக்குகளுக்குள் மறைகிறார். அரை நிமிடத்தில் கூடை நிறைந்து திரும்புகிறது. கூடை நேரே வண்டிக்குப் போகாது, செக்கிங் மேஜைக்குப் போகும். அங்கே ஒருவர் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் காட்டி, பேட்ச் நம்பரையும் காலாவதித் தேதியையும் உரக்கச் சொல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவர் பில்லில் டிக் அடிக்கிறார். கேட்டால் மாட்டுச்சந்தையில் ஏலம் விடுகிற மாதிரியே இருக்கிறது. எடுத்தவரே சரிபார்க்கக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். எடுத்த கண்ணுக்குத் தான் செய்த தப்பு தெரியாதாம்.

இங்கே ஒரு குட்டி வியப்பு. டோலோ 650 அட்டையில் 15 மாத்திரை. எக்கோஸ்பிரின் 75 அட்டையில் 14. அசித்ரோமைசின் 500 சில கம்பெனிகளில் 3, சிலவற்றில் 5. தைராய்டு மாத்திரை 100, 120 என்று பாட்டிலில் வரும். "எனக்கு ஒரு அட்டை குடுங்க" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த ஒரு அட்டை என்பது எத்தனை என்று மனப்பாடமாக வைத்திருக்கிற மூளைகள் இங்கே சம்பளத்துக்கு இருக்கின்றன.

சரி, இந்த ஓட்டமெல்லாம் எத்தனை ரூபாய்க்கு? மொத்த வியாபாரி என்றாலே தங்கச் சங்கிலியும் மேஜைக்கடியில் பணக்கட்டும் நம் கற்பனையில் வந்துவிடும். கணக்கைக் கேட்டேன். கால்குலேட்டரே வேண்டாம், கேளுங்கள். எம்.ஆர்.பி. 105 ரூபாய் போட்ட ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 5 ரூபாய் ஜி.எஸ்.டி. மீதி 100. விலைக் கட்டுப்பாட்டில் இல்லாத மருந்துகளுக்கு இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம், சில்லறைக் கடைக்கு 20 சதவீதம், ஸ்டாக்கிஸ்டுக்கு 10 சதவீதம். ஆக, வரி நீங்கலாக மெடிக்கல்ஸ்காரர் அதை 80 ரூபாய்க்கு வாங்குகிறார். ஸ்டாக்கிஸ்ட் 72 ரூபாய்க்கு வாங்குகிறார். விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து என்றால் பிடி இன்னும் இறுகும். 20க்குப் பதில் 16, 10க்குப் பதில் 8.

அந்த 105 ரூபாய் ஸ்ட்ரிப்பில் ஸ்டாக்கிஸ்ட் கையில் மிஞ்சுவது 8 ரூபாய். குடோன் வாடகை, பத்துப் பேர் சம்பளம், ஏ.சி. கரன்ட் பில், டெலிவரி பைக்குக்குப் பெட்ரோல், மெடிக்கல்ஸ்காரர் மூன்று வாரம் கழித்துத் தரப்போகிற பணத்துக்கான வட்டி, எல்லாம் அந்த எட்டுக்குள். இப்போது சிறிய குரூரமான கணக்கு ஒன்று. அந்த ஸ்ட்ரிப் விற்காமலே தேதி முடிந்து, கம்பெனியும் திருப்பி எடுக்க மறுத்துவிட்டால் 72 ரூபாய் காலி. அதை மீட்க அதே மாதிரி ஒன்பது ஸ்ட்ரிப் விற்க வேண்டும். ஒன்பது விற்ற பிறகுதான் கணக்கு பூஜ்யத்துக்கு வந்து நிற்கும்! சில்லறைக் கடைக்கு நாலு விற்றால் போதும். அதனால்தான் மருந்து வியாபாரத்தில் கெட்டிக்காரத்தனம் என்றால் நிறைய விற்பது அல்ல, எதையும் ரேக்கில் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது என்று எனக்குப் பட்டது. நான் பார்த்த ஒவ்வொரு தந்திரமும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நின்றது.

துணிக்கடைக்கு ஆடி இருக்கிறது. பழைய ஸ்டாக்கை அள்ளிக் கொட்டி 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று பேனர் கட்டலாம். மருந்துக்கு ஆடி மாதமே கிடையாது. மார்ச் 31 இரவு பன்னிரண்டு மணி வரை அது மருந்து, ஏப்ரல் 1 அன்று அதை விற்றால் குற்றம். (அட்டையில் 03/2027 என்று மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். மாதம் பிறந்ததுமே தூக்கிப் போட வேண்டியதில்லை. நான் இத்தனை நாள் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது வேறு கதை.)

ஆகவே குடோனில் ஒரு சட்டம். முதலில் வந்தது முதலில் போகாது. முதலில் காலாவதியாகப் போவதுதான் முதலில் போகும்! இரண்டும் ஒன்றுதானே என்று நானும் நினைத்தேன். இல்லை. நேற்று வந்த புதுப் பெட்டியில் தேதி குறைவாக இருக்கலாம், மூன்று மாதமாக இருக்கிற பழைய பெட்டியில் தேதி நீளமாக இருக்கலாம். அதனால் சரக்கு வந்து இறங்கியதும் ஆளுக்கொரு வேலை. ஒருவர் எண்ணுகிறார், ஒருவர் பேட்ச் பதிகிறார், ஒருவர் தேதியைப் பார்த்து, குறைந்த தேதிப் பெட்டியை ரேக்கின் முன்பக்கத்துக்கு இழுக்கிறார். ஓடுகிற தம்பி கை நீட்டினால் முதலில் அகப்படுவது அவசரமாகப் போக வேண்டிய பெட்டி. யோசிக்கவே வேண்டாம், கையே சரியானதை எடுத்துவிடும். என்ன ஒரு சூட்சுமம்!

தேதி நெருங்கியும் போகாத பெட்டிகளுக்குத் தனிப் பட்டியல். மாதா மாதம் கணினியிலிருந்து அந்தப் பட்டியல் உருவப்படும்போது முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகு சமாதானப் பேச்சுவார்த்தை ஆரம்பம். எந்த மெடிக்கல்ஸில் இது வேகமாக ஓடுகிறது, அங்கே தள்ளிவிடலாமா? கம்பெனி திருப்பி எடுக்குமா? ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விதி. தேதி முடிவதற்குச் சில மாதம் முன்பே அனுப்பச் சொல்பவர்கள் உண்டு. முடிந்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் அனுப்பினால் கிரெடிட் நோட் தருபவர்கள் உண்டு. உடைத்த அட்டையை எடுக்க மாட்டோம் என்பவர்களும் உண்டு. இந்த விதிகளைச் சுவரில் அட்டவணையாக ஒட்டிவைத்திருக்கிறார்கள். சாமி படத்துக்குப் பக்கத்திலேயே! தேதி முடிந்த சரக்குக்கென்று மூலையில் தனிப் பெட்டி, மேலே 'விற்பனைக்கு அல்ல' என்ற சீட்டு. அது அலங்காரத்துக்கு இல்லை. நல்ல சரக்கோடு அதைக் கலந்து வைக்கக் கூடாது என்பது 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளிலேயே இருக்கிறது.

இப்போது பைக்கில் தொற்றிக்கொண்டு சில்லறைக் கடைக்குப் போவோமா?

மெடிக்கல்ஸ் நடத்தக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கிறது விதி. நம் கணக்கில் ஏறக்குறைய 108 சதுர அடி. நான் போன கடை அதைவிட ஒரு முழம்தான் பெரிது. அதற்குள் ஆயிரக்கணக்கான பொருள்கள். மாத்திரை தனி, சிரப் தனி, களிம்பு தனி, கண் சொட்டு மருந்து தனி. மாத்திரை ரேக்கில் சிலர் அகர வரிசை வைப்பார்கள், சிலர் கம்பெனி வாரியாக வைப்பார்கள். கம்பெனி வாரியாக வைத்தால் ஆர்டர் போடச் சுகம், ஒரே பார்வையில் எது குறைந்திருக்கிறது என்று தெரியும். அகர வரிசை என்றால் புது ஆள் சேர்ந்த மறுநாளே வேலை பழகிவிடும். இதில் எது உசத்தி என்று மருந்துக்கடைக்காரர்கள் இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போய்விடும்.

அகர வரிசையில் ஒரு கண்ணி இருக்கிறது. பெயர் ஒத்தவை பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும். ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு, ஹைட்ராலசின் ரத்தக் கொதிப்புக்கு. முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துக் கை நீட்டினால் என்ன ஆகும்! அதனால் இந்தக் கடை ஃபார்மசிஸ்ட் அக்கா அந்த மாதிரி ஜோடிகளைக் கண்டுபிடித்து வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறார். ஒன்று அதன் இடத்தில், மற்றது வேறு ரேக்கில், இடையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். ஒரே மாத்திரையின் 25 மில்லிகிராமும் 50 மில்லிகிராமும்கூட இவரிடம் பக்கத்தில் இருக்க முடியாது. குடும்பத்தைப் பிரித்த பாவம் எனக்கு வேண்டாம் என்று சிரிக்கிறார், ஆனால் சேர்ப்பதில்லை.

மாலை ஆறரை. டாக்டர்கள் உட்காரும் நேரம். கூட்டம் வந்துவிட்டது!

"பாப்பா, போன தடவ குடுத்தியே, ரோஸ் கலர், சின்னதா, அது ஒரு பத்து."

"தாத்தா, சுகருக்கா பிரஷருக்கா?"

"அது உனக்குத்தானே தெரியும்?"

அக்காவுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கிறது. கைபேசி எண்ணைக் கேட்டு, கணினியில் பழைய பில்லைப் பார்த்து, இருந்தாலும் சீட்டு எங்கே என்று கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார். தாத்தா சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த, வியர்வையில் நனைந்த ஒரு காகிதம் வருகிறது. அடுத்தது டாக்டர் கையெழுத்து என்கிற மகா புதிர். எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். எழுத்தை மட்டும் படிப்பதில்லையாம். யார் எழுதியது, அவர் என்ன டாக்டர், எத்தனை மில்லிகிராம், 1-0-1 என்று போட்டிருக்கிறாரா 0-0-1 என்று போட்டிருக்கிறாரா, எல்லாம் சேர்ந்துதான் பெயர் துலங்கும். அப்படியும் துலங்காவிட்டால்? யூகம் கிடையாது. ஃபோனை எடுத்து கிளினிக்குக்கு அடிக்கிறார். வரிசையில் நிற்கிறவர்கள் முனகினாலும் சரி.

கத்தரிக்கோலைக் கவனித்தீர்களா எப்போதாவது? நான் இனிமேல் கவனிப்பேன். அட்டையின் ஒரு ஓரத்தில்தான் பேட்ச் நம்பரும் தேதியும் அச்சாகி இருக்கும். ஆறு மாத்திரை மட்டும் கேட்டால் அக்கா மறு ஓரத்திலிருந்துதான் வெட்டுகிறார். மிச்சம் கடையிலேயே இருக்கிற துண்டில் தேதி தங்கிவிடும். கடையின் பார்வையில் அது சரி. வாங்கிப் போகிறவர் கையில் இருப்பது தேதியில்லாத துண்டு என்பது என் மனக்குறை. பில்லைக் கேட்டு வாங்குங்கள். அதில் பேட்சும் தேதியும் இருக்கும்.

கவுன்டருக்குக் கீழே ஒரு நோட்டு. 2014 மார்ச் முதல் அமலுக்கு வந்த எச்1 பட்டியலுக்கானது. முதலில் 46 மருந்துகள் அதில் இருந்தன. வீரியமான ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, பழக்கமாகிவிடக்கூடிய தூக்க மாத்திரை போன்றவை. அட்டையில் சிவப்பு ஆர்எக்ஸ் குறியும் சிவப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கையும் இருக்கும். விற்கும்போதே டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுத வேண்டும், மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கூட்ட நேரத்தில் இந்த நோட்டை எழுதுகிற கடையா, ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்புகிற கடையா என்பதை வைத்தே கடையை எடை போட்டுவிடலாம். இந்தக் கடையில் நோட்டோடு பேனா நூலில் கட்டித் தொங்குகிறது. இன்னும் கடுமையான கட்டுப்பாடு உள்ள எக்ஸ் பட்டியல் மருந்துகளோ பூட்டு போட்ட அலமாரிக்குள் இருக்க வேண்டியவை. அதற்கு லைசென்ஸே தனி. சீட்டும் இரண்டு பிரதி வேண்டும்.

அப்புறம் ஃப்ரிட்ஜ்! 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவற்றின் ராஜ்ஜியம். கதவில் ஒட்டிய தாளில் காலையும் மாலையும் வெப்பநிலை எழுதப்பட்டிருக்கிறது. இன்சுலினைப் பின்சுவரில் ஒட்டாமல், ஃப்ரீசரிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள். சூடு மட்டுமல்ல, உறைவதும் அதற்கு ஆகாது. ஒருமுறை உறைந்துவிட்டால் பிறகு உருகி நன்றாகத் தெரிந்தாலும் உபயோகிக்கக் கூடாது. மொத்தக் கடையிலும் இதே மரியாதை. மற்ற சரக்கெல்லாம் கட்டி முடித்து, பைக் ஸ்டார்ட் ஆன பிறகுதான் இன்சுலின் தெர்மோகோல் பெட்டிக்குள் போகிறது. கடைசியில் ஏறி முதலில் இறங்குகிற வி.ஐ.பி.! சில்லறைக் கடை ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டிலுக்கும் மோருக்கும் இடமில்லை என்பது கேள்விப்படச் சுலபம். அக்னி நட்சத்திரத்தில் இங்கே வேலை பார்த்துப் பாருங்கள், அப்போது தெரியும் அந்த வைராக்கியம். '30 டிகிரிக்கு மேல் வேண்டாம்' என்று அச்சிட்ட அட்டைகளுக்கே சென்னை மே மாதம் சவால்தான். அதனால் கூரையை ஒட்டிய மேல்தட்டில் மருந்து வைப்பதில்லை. பஞ்சும் டயாப்பரும்தான் அங்கே வெயில் காய்கின்றன.

எவ்வளவு வாங்குவது? இதுதான் நிர்வாகத்தின் நெஞ்சுப்பகுதி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். கடை பக்கத்து டாக்டரின் பேனாவோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர் புதிதாக ஒரு பிராண்ட் எழுத ஆரம்பித்தால் மறுநாள் காலை மெடிக்கல் ரெப் டையோடு வாசலில் நிற்பார். "டாக்டர் சார் எழுதறார், ஸ்டாக் வெச்சுக்கங்க." நாற்பது அட்டை வாங்கி வைத்த வாரமே டாக்டர் வேறு பிராண்டுக்கு மாறினால் அந்த நாற்பதும் ரேக்கில் விழித்துக்கொண்டு நிற்கும். டாக்டர் பேரன் பிறந்தானென்று அமெரிக்காவுக்குக் கிளம்பினால்? அவர் எழுதுகிற மருந்து ஒரு வரிசை முழுக்க லீவு! ஆகவே டாக்டர் வீட்டு விசேஷம் டாக்டரின் உறவினர்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, மருந்துக்கடைக்குத் தெரிந்திருக்கும். ஆர்டர் குறைக்க வேண்டுமே.

நாள்காட்டியும் பெரிய ஆலோசகர். மாதத்தின் முதல் வாரம் சம்பளமும் பென்ஷனும் வந்ததும் பிரஷர், சுகர் மாத்திரை மாதக் கட்டாகப் போகும். அக்டோபர் மழை தொடங்கினால் காய்ச்சல், இருமல். மே மாதம் ஓ.ஆர்.எஸ்ஸும் வியர்க்குருப் பவுடரும். தீபாவளிக்கு முந்தைய வாரம் தீப்புண் களிம்பு, மறுநாள் ஜீரண சிரப்! பொங்கல் என்றால் ஸ்டாக்கிஸ்ட் கடைகள் அடைத்துவிடும், அதற்குமுன் நாலு நாள் சரக்கு கூடுதலாக எடுக்க வேண்டும்.

இதற்கு நடுவில் ஸ்கீம் என்றொரு மாயக்காரி. பத்து வாங்கினால் ஒன்று இலவசம். கேட்டால் வாயில் எச்சில் ஊறுகிறது. மாதம் மூன்று அட்டை போகிற மருந்தில் ஸ்கீமுக்காகப் பதினொன்றைத் தூக்கி வைத்தால் நாலு மாதம் பணம் முடங்கும். நான் பார்த்த கடைக்காரர் ஸ்கீம் தாளை வாங்கியதும் முதலில் கேட்பது, "எக்ஸ்பைரி என்ன?" தாராளமான ஸ்கீம் வரும்போது தேதி கொஞ்சம் குட்டையாக இருப்பதுண்டாம். அவர் கணக்கில் இலவச அட்டை என்று ஒன்று கிடையாது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

விலை மாறுகிற நாள்கள் தனி நாடகம். கட்டுப்பாட்டுப் பட்டியல் மருந்துகளின் உச்சவரம்பு விலை ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி நகரும். 2023இல் அனுமதித்த ஏற்றம் 12.1218 சதவீதம். அடுத்த வருடம் 2024இல் எவ்வளவு தெரியுமா? 0.00551 சதவீதம்! நூறு ரூபாய் அட்டைக்கு அரைப் பைசா! அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு எத்தனை கடைகளில் டீ புரையேறியிருக்கும்.

அதைவிடப் பெரிய கூத்து 2025 செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள். பெரும்பாலான மருந்துகளின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நேற்று 112 ரூபாய், இன்று 105. ஆனால் ரேக்கில் இருப்பதெல்லாம் 112 என்று அச்சிட்ட அட்டைகள்! எல்லாவற்றையும் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை, கடையில் புது விலைக்கு விற்பது உறுதியானால் போதும் என்று மருந்து விலை ஆணையம் சொல்லியிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாலும், கணினியில் ஒவ்வொரு பொருளுக்கும் புது விலை ஏற வேண்டும். 12 சதவீதம் வரி கட்டி வாங்கியதை 5 சதவீதத்தில் விற்க வேண்டும். 'அட்டைல ஒண்ணு போட்டிருக்கு, நீ ஒண்ணு சொல்றியே' என்கிற வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டும். குறைத்து வாங்கியதற்கே விளக்கம் கேட்டவர்கள் உண்டு என்று அக்கா சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று. செக்கிங் மேஜையில் பேட்ச் நம்பரைக் கூவினார்களே, அது எதற்கு? 2025 அக்டோபர் தொடக்கத்தில் கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பின் எஸ்.ஆர்.-13 என்ற பேட்சில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சு இருப்பதைத் தமிழ்நாடு அரசின் பரிசோதனை காட்டியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் அதைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அப்படி ஒரு எச்சரிக்கை வருகிற நாளில் மொத்த வியாபாரி முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான். அந்த பேட்ச் என்னிடம் வந்ததா, வந்திருந்தால் எந்தெந்தக் கடைக்கு எத்தனை பாட்டில் போனது? பில்லில் பேட்ச் சரியாக ஏறியிருந்தால் சில நிமிடங்களில் பட்டியல் கையில். அவசரத்தில் ஏதோ ஒரு பேட்சைப் போட்டு பில் அடித்திருந்தால் ஒவ்வொரு கடைக்கும் ஃபோன் போட்டுக் கெஞ்ச வேண்டியதுதான். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் பெட்டியில் கியூ.ஆர். அல்லது பார்கோடு கட்டாயமாகியிருக்கிறது. மீதிக்கு இன்னமும் அந்தக் கூவல்தான் காவல்.

இத்தனை சில்லறைக் கணக்கைப் பார்த்த பிறகு, தமிழ்நாட்டின் பிரம்மாண்டமான 'மொத்த வியாபாரி' ஒருவரைச் சொல்லாமல் போனால் பாவம். வியாபாரி என்றால் கோபித்துக்கொள்வார்கள், அரசு நிறுவனம். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, அங்கிருந்து கொடுக்கிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக்! இவ்வளவு ரூபாய்க்கு நீ மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு, எடுக்க எடுக்கப் பற்று. எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பது மருத்துவமனையின் தீர்மானம். மேலிடம் அனுப்பியதை வாங்கி அடுக்கிவைத்துக் காலாவதியாக்குகிற வேலை இல்லை. வந்த சரக்கும் உடனே வெளியே போகாது. மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினால்தான் விநியோகம். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. டை கட்டிய ரெப் இல்லை, ஸ்கீம் இல்லை, டாக்டர் அமெரிக்கா போனாலும் கவலை இல்லை. நம் பார்க் டவுன் முதலாளி இதைக் கேட்டு ஏங்கிப் பெருமூச்சு விட்டார்.

அதே அரசு சில்லறைப் பக்கமும் வந்திருக்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் திறந்த 1,000 'முதல்வர் மருந்தகம்' கடைகளில் பி.ஃபார்ம்., டி.ஃபார்ம். படித்த தொழில்முனைவோர் பலர் மூன்று லட்சம் ரூபாய் மானியத்தோடு இறங்கியிருக்கிறார்கள். படிப்பில் மருந்தியல் உண்டு. டாக்டர் வீட்டுப் பேரன் எப்போது பிறப்பான் என்பதை இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ராத்திரி பத்து. மெடிக்கல்ஸ் ஷட்டர் பாதி இறங்கியாயிற்று. கிளம்பலாம் என்று பார்த்தால் அக்கா விடவில்லை. தினமும் மூடுவதற்கு முன் ஏதாவது பத்துப் பொருளை மட்டும் எண்ணிக் கணினியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். வருடக் கடைசியில் மொத்தக் கடையையும் கவிழ்த்து எண்ணுவதைவிட இது மேல். ஒன்பது சரியாக வந்தது. பத்தாவது, ஒரு பிரஷர் மாத்திரை. கணினியில் 14, ரேக்கில் 13. ஆஹா, துப்பறியும் கதை! கடை முதலாளி குனிந்து தரையைப் பார்க்கிறார். கடையில் வேலை பார்க்கும் தம்பி குப்பைக்கூடையைக் கிளறுகிறான். நான் என் பையைத் திறந்து காட்டுகிறேன் (யாரும் கேட்கவில்லை). சி.சி.டி.வி. பார்க்கலாமா என்று பேச்சு வந்தபோது அக்கா பக்கத்து வரிசையில் அதே நீலப் பச்சை நிறத்தில் இருந்த வேறொரு கம்பெனிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, அந்நிய அட்டைகளுக்கு நடுவில் சாதுவாகப் படுத்திருந்தது பதினாலாவது ஸ்ட்ரிப். மாலைக் கூட்டத்தில் எடுத்துக் காட்டிவிட்டுத் திருப்பி வைத்தபோது பெட்டி மாறியிருக்கிறது.

"யாரு வெச்சது?" என்று முதலாளி கேட்கவில்லை. அந்த நீலப் பச்சைப் பெட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு எதிர்ச்சுவர் ரேக்கில் இடம் தேட ஆரம்பித்தார். தம்பி சிவப்பு ஸ்டிக்கரைத் தேடினான்.